மூணு கடை பரஞ்சோதி மாற்றிய ஜன்னல்கள்

பீடோங்கில் பரஞ்சோதி வீடு எது என்று விசாரித்தால், எந்தப் பரஞ்சோதி என்று திருப்பிக் கேட்பார்கள். மூணு கடை பரஞ்சோதி என்று சொல்லிப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விட்டுவிடும். மனிதர் ஒரு டின் பிஸ்கட் வாங்க வேண்டுமென்றாலும் மூன்று கடை ஏறி இறங்காமல் வாங்கமாட்டார். முதல் கடையில் பார்ப்பார். இரண்டாவது கடையில் தட்டிப் பார்ப்பார். மூன்றாவது கடைக்காரனிடம் முதல் இரண்டு கடைச் சரக்கின் குறையை எடுத்துச் சொல்லி, அவன் என்ன சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேட்பார். அப்புறம் முதல் கடைக்கே திரும்பிப் போய் வாங்குவார். பெண் பார்த்ததும் இப்படித்தானா என்று அவர் மனைவி யோகேஸ்வரியை ஊரே கேலி செய்திருக்கிறது. "ஆமா, மூணாவது வீடுதான் நானு. அதுக்கு மேல நடக்க அவருக்குக் கால் வலி லா," என்று அந்தம்மாளும் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் போய் ஆறு வருஷமாகிறது.

பரஞ்சோதிக்கு வயது அறுபத்து மூன்று. பீடோங்குக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து, அந்த மண்ணிலேயே வரிசை வரிசையாக வீடுகள் கொண்ட ஒரு தாமான் எழும்பியது. வேலையாட்களுக்கென்று ஓரத்தில் மலிவு வீடுகள் இரண்டு வரிசை கட்டினார்கள். அதில் கடைசி வரிசை மூலை வீடு இவருடையது. மகன் குணாளன் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மருமகள் லோகேஸ்வரி அங்கேயே ஒரு பேரங்காடியில் சூப்பர்வைசர். இருவருக்கும் கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது ஒன்றுதான்.

வீட்டின் ஜன்னல்கள் ஐந்தும் மெரந்தி மரச் சட்டம். கட்டும்போதே போட்டது. மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, சாயம் உரிந்து, கடைசியில் கரையானுக்குச் சோறாகிவிட்டன. மகன் மருமகள் படுக்கும் அறை ஜன்னல் இரண்டு வருஷமாகத் திறப்பதே இல்லை. ஊதிப்போய் அப்படியே இறுகிவிட்டது. சுவரில் ஈரம் இறங்கிக் கறுப்பாகப் பூத்தது. காலையில் எழுந்து வரும்போது லோகேஸ்வரி நெற்றியைப் பிடித்துக்கொண்டே வருவாள்.

ஒரு நாள் குணாளன் யாரிடமோ போனில் பேசுவது பரஞ்சோதி காதில் விழுந்தது. "சுங்கைப் பட்டாணியிலயேதான் பாக்குறேன். சின்ன அபார்ட்மென்ட்னாலும் பரவால்ல. ரூம்ல காத்து வரணும், அதான்."

அவ்வளவுதான். மனைவி போன பிறகு அந்த வீட்டில் விளக்கு எரிகிறது, சோறு கொதிக்கிறது, யாரோ ஒருவர் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள் என்றால் அது அந்த இரண்டு பேரால்தான். அவர்களும் போய்விட்டால் தான் என்ன ஆவோம் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. போகாதீர்கள் என்று சொல்லத் தெரியாது. அப்படிக் கெஞ்சிப் பழக்கமில்லாத பிறவி. ஜன்னலை மாற்றிவிட்டால் போகமாட்டார்கள் என்று முடிவு கட்டினார். கடை ஏற ஆரம்பித்தார்.

முதலில் மரம். பீடோங்கிலேயே ஒரு சீனத் தௌக்கேயின், அதாவது முதலாளியின், மரப் பட்டறை. தௌக்கே செங்கால் மரத் துண்டு ஒன்றைத் தூக்கி மேசைமேல் போட்டார், இரும்பு விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. மரம்தான் குளிர்ச்சி, மரம்தான் அழகு, கதவைச் சாத்தினால் பிசிறில்லாமல் சாத்தும், பழுதானால் இழைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் தாமான் எழும்பிய கதை பரஞ்சோதிக்கல்லவா தெரியும்? சாய்த்த செம்பனையின் தூர்களைத் தோண்டி எடுக்காமல், அப்படியே மண்ணைத் தள்ளி மூடி மேலே வீடு கட்டினார்கள். அந்த மண்ணை ஏற்றி வந்த லோரிகளில் ஒன்று இவருடையது. அடியில் மக்கிக் கிடக்கும் தூரெல்லாம் கரையான் புற்று. அதற்கு மேல் செங்கால் என்ன, சந்தனம் என்ன? பேர் சொல்லித் தின்னும்.

இரண்டாவது அலுமினியம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் காளிதாசன் என்றொருவன் ஜன்னல் பட்டறை வைத்திருந்தான். வாய் சும்மா இருக்காது, கை அதைவிட வேகம். "அண்ணே, இதக் கடிச்சா கரையானுக்குப் பல்லு போயிரும்," என்று அலுமினியச் சட்டத்தைத் தட்டிக் காட்டினான். லேசான சரக்கு, ஊதாது, உளுக்காது, சாயம் அடிக்க வேண்டாம், சட்டம் ஒல்லியாக இருப்பதால் கண்ணாடி அதிகம், வெளிச்சம் அதிகம். பரஞ்சோதி வாசலில் வெயிலில் சாய்த்து வைத்திருந்த சட்டத்தில் உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலோரத்தில் இருக்கும் தஞ்சோங் டாவாய்க்கே போனார். அவருடைய பழைய லோரிக் கூட்டாளி புவனேசன் அங்கேதான் இருக்கிறார், வீட்டில் எட்டு வருஷத்து அலுமினிய ஜன்னல். சட்டமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, தள்ளினால் நகராமல் மக்கர் பண்ணியது. திரும்பி வந்து காளிதாசனைப் பிடித்துக்கொண்டார்.

"அட என்னாண்ணே, அது கடல் உப்பு. உங்க வீட்டுக்கும் கடலுக்கும் எவ்ளோ தூரம்? உங்களுக்கு உப்பு வேணும்னா கடையிலதான் வாங்கணும்!" என்று காளிதாசன் தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றாவது யூபிவிசி. பிளாஸ்டிக் மாதிரி, ஆனால் உள்ளே எஃகுப் பட்டை வைத்த கனமான வெள்ளைச் சட்டம். அதைப் பார்க்க அலோர் ஸ்டார் போனார். கடையில் இருந்த பெண் ஜன்னலைத் திறந்து வைத்தாள், சாலையில் போகும் லோரிச் சத்தம் உள்ளே வந்தது. சாத்தினாள், சத்தம் அறுந்தது. முப்பத்தொரு வருஷம் லோரி ஓட்டியவர் அசந்துபோனார். கரையான் தொடாது, துரு இல்லை, சூடு கடத்தாது. குறையே இல்லையா என்று கேட்டார். மட்டமான சரக்கு வெயிலில் மஞ்சளாகும், சட்டம் பருமன் என்பதால் சின்ன ஜன்னலில் கண்ணாடி கொஞ்சம் குறையும் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். குறையை ஒப்புக்கொள்கிற கடை நல்ல கடை என்பது பரஞ்சோதியின் சித்தாந்தம். ஒரு மூலைத் துண்டை மாதிரிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதோடு விட்டாரா? மெரந்தித் துண்டு ஒன்று, அலுமினியத் துண்டு ஒன்று, யூபிவிசித் துண்டு ஒன்று, மூன்றையும் வீட்டு மதில்மேல் வரிசையாக வைத்துப் பத்து நாள் காயப்போட்டார். காலையில் தண்ணீர் ஊற்றுவார். நடுமத்தியானம் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் இது என்ன பூஜை என்று கேட்டே விட்டார்.

லீவு நாளொன்றில் லோகேஸ்வரி துணி காயப்போட வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னா மாமா, சட்டத்துக்கெல்லாம் காய்ச்சல் பாக்குறீங்களா?"

"நீயே தொட்டுச் சொல்லும்மா. உன் ரூமுக்குத்தானே."

அவள் மூன்றையும் தொட்டாள். வெள்ளைத் துண்டின்மேல் கையை வைத்தபடியே நின்றாள். "இதுதான் மாமா. இதுதான் சூடாவல."

போதும். அவள் கை வைத்ததே முடிவு. பரஞ்சோதி வாழ்க்கையில் நாலாவது யோசனை இல்லாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

யூபிவிசிச் சட்டத்தை அலோர் ஸ்டாரில் செய்வித்துக் கொண்டுவந்து மாட்டும் வேலையைக் காளிதாசனே ஏற்றுக்கொண்டான். அளவெடுக்க வந்தவன் இரண்டு வழி சொன்னான். பழைய மரச் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்குள் புதுச் சட்டத்தைச் செருகுவது ஒன்று. அரை நாள் வேலை, சுத்தியல் சத்தமே வராது. மரத்தைச் சுவரோடு பெயர்த்தெடுத்து, சிமெண்டைக் கொத்தி, துளை போட்டுப் புதிதாக மாட்டுவது இன்னொன்று.

"உள்ள கரையான வச்சிக்கிட்டு மேல தங்கம் பூசி என்னா பண்றது? பேத்து எடுத்துரு தம்பி," என்றார் பரஞ்சோதி.

"செவுரு ஒடையும், சத்தம் காதப் பொளக்கும், தூசி வரும்ணே. ஊட்டுல புள்ளகுட்டி யாரும் இல்லல்ல?"

"யாரு இருக்கா? நாங்க மூணு பேருதான்."

சட்டங்கள் தயாராகிக்கொண்டிருந்தபோது குணாளன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான். "அப்பா, அந்த ஜன்னல் வேல இப்ப வேணாம். தீபாவளி கழியட்டும்."

"ஏன்டா?"

"சும்மாதாம்பா. அப்பறம் பாத்துக்கலாம்."

பரஞ்சோதி பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினார். தீபாவளி கழியட்டும் என்றால் என்ன அர்த்தம்? தீபாவளியை இங்கே கொண்டாடிவிட்டுக் கிளம்பப் போகிறார்கள். போகிற வீட்டுக்கு எதற்கு ஜன்னல் என்று பையன் நினைக்கிறான். அதற்குத் தோதாக மற்றதும் நடந்தது. லோகேஸ்வரி வேலை விட்டு வந்ததும் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். பேச்சுக் குறைந்தது. அவள் கைப்பையைக்கூடக் குணாளன்தான் தூக்கி வந்தான். இருவரும் அறைக்குள் குசுகுசுவென்று பேசினார்கள், இவர் தலையைக் கண்டால் நிறுத்தினார்கள். எல்லாம் கிளம்புவதற்கான ஏற்பாடு என்றே அவருக்குப் பட்டது.

ஐயோ, அந்த மனிதருக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! லோகேஸ்வரிக்கு இரண்டாம் மாதம். தாய் பிச்சையம்மாளுக்கும் புருஷனுக்கும் மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் முடியும்வரை ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது, போன இரண்டு முறையும் முன்கூட்டியே சொல்லித்தான் கண் பட்டது என்று அலோர் ஸ்டாரிலிருந்து பிச்சையம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மாமனாராவது ஒன்றாவது, வாயைத் திறக்கக்கூடாது. அதே பிச்சையம்மாள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள், பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, சுவரைத் தொடக்கூடாது. இந்த மாதிரி விலக்குக்குப் பந்தாங் என்று பேர். நம்மவர்களுக்கும் பந்தாங், மலாய்க்காரர்களுக்கும் பந்தாங், சீனர்களுக்கும் பந்தாங். பரஞ்சோதியே யோகேஸ்வரி மாசமாக இருந்தபோது காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்காதவர். ஆக, விஷயத்தையும் சொல்லக்கூடாது, வேலையையும் நிறுத்த வேண்டும். குணாளன் தனக்குத் தெரிந்த வழியில் தீபாவளி கழியட்டும் என்றான். வேலை நிற்பதற்குப் பதில் அந்த வார்த்தையால்தான் அது முந்தியது.

பரஞ்சோதி மறுநாளே காளிதாசனுக்குப் போன் போட்டார். "தம்பி, சீக்கிரம் முடிச்சுக் குடு. செவ்வாக்கெழம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க. வந்து பாத்து அசந்து போவணும்."

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கெல்லாம் காளிதாசன் ஆட்களோடு வந்துவிட்டான். கடப்பாறையை விட்டு நெம்பினார்கள், மரம் பாதி பொடியாகவே வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான். பார்த்தாயா, நான் சொன்னேனா இல்லையா என்று பரஞ்சோதி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று முழுக்க அந்த வீடு அதிர்ந்தது. சுத்தியலும் உளியும் துளை போடும் மிஷினும் மாறி மாறி அடித்தன. பரஞ்சோதி அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார், குப்பையை அள்ளினார், சட்டத்தைத் தாங்கிப் பிடித்தார். மருமகள் அறை ஜன்னலுக்கு மட்டும் தானே இரண்டு திருகாணியை முடுக்கினார். நாலு மணிக்கெல்லாம் முடிந்து, பழைய பேப்பரை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்த ஜன்னலைத் திறந்தார். ஜெராய் மலைப் பக்கத்துக் காற்று நேராக உள்ளே வந்தது. மனிதர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

லோகேஸ்வரி வந்தாள். வாசலில் கிடந்த உடைந்த சட்டங்களைப் பார்த்தாள், ஹாலைப் பார்த்தாள், தன் அறைக்குப் போய்ப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "எப்ப மாமா அடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னைக்குத்தாம்மா. ஒரே நாள்ல முடிச்சிட்டானுங்க!"

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

மறுநாள் காலையில் பிச்சையம்மாள் வந்து இறங்கினாள். வீட்டுக்குள்கூட வரவில்லை, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "ஏண்ணே, வயசாயி என்னா பிரயோசனம்? புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல செவுத்த இடிப்பாங்களா? மூணாவது தடவண்ணே எம் பொண்ணுக்கு! கோழி அடகாக்கற மாதிரி காத்துக்கிட்டு இருக்கோம், நீங்க சுத்தியல எடுத்துக்கிட்டு நிக்கறீங்க!"

தனக்குப் பேரப்பிள்ளை உண்டாகியிருக்கிறது என்பதையும், தான் செய்தது என்ன என்பதையும் பரஞ்சோதி ஒரே மூச்சில் தெரிந்துகொண்டார். சந்தோஷப்பட ஒரு நொடி கூடக் கிடைக்கவில்லை.

உள்ளேயிருந்து லோகேஸ்வரிதான் வந்து தடுத்தாள். "ம்மா, வுடு. மாமாவுக்குத் தெரியாதும்மா. நாமதானே சொல்லல. தெரிஞ்சா மாமா செய்வாங்களா?"

அந்த ஒரு வார்த்தைதான் அவரை நிற்க வைத்தது. அதற்குப் பிறகு அவர் செய்யாத பரிகாரமில்லை. எலுமிச்சை அறுத்தார், மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தார், முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைத்தார், எப்போதோ ஞாபகத்தில் இருந்த குலசாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டார். நடந்தால் சத்தம் வரும் என்று வீட்டுக்குள் செருப்பில்லாமல் விரலை ஊன்றி நடந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் லோகேஸ்வரிக்கு உதிரம் கண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் குணாளன் வந்து அப்பா பக்கத்தில் நின்றான். "போச்சுப்பா," என்றான். "டாக்டரம்மா ஸ்கேன் பண்ணிட்டுச் சொன்னாங்க. வளர்ச்சி நின்னு மூணு வாரமாவது ஆயிருக்குமாம். யாரு தப்பும் இல்லையாம்."

பரஞ்சோதி விரல் விட்டு எண்ணினார். "ஜன்னல் போட்டு ஒம்போது நாளுதானேடா ஆவுது?"

"ஆமாப்பா. அதுக்கு முன்னயே நின்னுருச்சு. நீங்க செஞ்சதால இல்ல."

நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டது. உருண்ட மறுகணமே, பிள்ளை போன இடத்தில் நின்றுகொண்டு நிம்மதிப்படுகிறோமே என்று அவருக்கே அவர்மேல் அருவருப்பு வந்தது.

பிச்சையம்மாள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. டாக்டருக்கு மிஷின் சொல்வதுதான் தெரியும், எனக்கு என் பெண்ணைத் தெரியும் என்றாள். லோகேஸ்வரி டாக்டரை நம்பினாள். நம்பியதுதான் வினையாகப் போயிற்று. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அவளுக்காகச் சூடாகக் கலக்கிய மைலோவைக் கையில் வைத்துக்கொண்டு பரஞ்சோதி அறைக்கு வெளியே நின்றார். உள்ளே அவள் குணாளனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆணி அடிச்சதால இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அப்ப எது? என் ஒடம்புதானே? மூணையும் என் ஒடம்புதான் தின்னுச்சு."

"நான் அப்பாகிட்ட சொல்லியிருக்கணும்," என்றான் குணாளன். அவன் குரல் உடைந்திருந்தது. "ஒரு வார்த்த. உங்கம்மாவுக்குப் பயந்துக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். நாந்தான் காரணம்."

மைலோ ஆறிப்போயிற்று. பரஞ்சோதி அதைக் கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்காள் பாப்பம்மா வந்தாள். பாப்பம்மா என்றால் குடும்பத்துக்கே வானொலி நிலையம். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அடுத்த கல்யாணப் பந்தியில் அது சாம்பாரோடு சேர்ந்து பரிமாறப்படும். நாட்டுக்கோழியும் ஆரஞ்சும் வாங்கி வந்திருந்தாள். அறைக்குள் போய் லோகேஸ்வரியின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, ஹாலில் வந்து உட்கார்ந்தாள். அறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு துணித்திரைதான்.

"தம்பி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. மூணு தடவ ஆயிருச்சு. இவ ஒடம்பு தாங்காது. குணாளனுக்கு முப்பத்தெட்டு ஆவுது. ஒத்தப் புள்ள. செமிலிங்ல நம்ம பக்கத்துப் பொண்ணு ஒண்ணு இருக்கு, பாவம், புருஷன் செத்துட்டான். பேசிப் பாக்கட்டுமா?"

பரஞ்சோதி திரையைப் பார்த்தார். அது அசையவில்லை. உள்ளே அவள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"அக்கா, அவ ஒடம்புல ஒண்ணும் இல்ல. நாந்தான் செவுத்த இடிச்சேன். அதான் போச்சு."

"அட, நீ என்னா பண்ணுவ?" பாப்பம்மா கையை வீசினாள். "ஒனக்குத்தான் தெரியாதே! தெரியாம செஞ்சா பந்தாங் தாக்காதுடா. தெரிஞ்சு மீறுனாத்தான் தாக்கும். ஒம் மேல குத்தம் இல்ல. எல்லாம் அவ வயித்துக் கோளாறு."

டாக்டர் சொன்ன கணக்கை எடுத்துப் போடலாம். போட்டால் என்ன ஆகும்? பிள்ளை தானாக நின்றது என்றுதான் ஆகும். பாப்பம்மாவுக்கு அது வெல்லம். விதி என்று சொல்லலாம். மூன்று முறையும் ஒருத்திக்கே ஏன் விதி என்பாள். பரஞ்சோதி எதையும் மூன்றாகத் தட்டிப் பார்க்கிறவர். அவள் உடம்பு, தலைவிதி, தன் சுத்தியல். மூன்றில் அந்தப் பெண்ணின் தலைமேல் வைக்காத பாரம் ஒன்றுதான் இருந்தது.

"தெரியும்க்கா," என்றார்.

"என்னா தெரியும்?"

"அவ மாசமா இருந்தது எனக்குத் தெரியும்." அறைக்குள் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார். உன் உடம்பில் குற்றமில்லையம்மா என்று அவளுக்குச் சொல்வதாகத்தான் அந்த மனிதர் நினைத்தார். "யாரும் சொல்லல. காலையில வாந்தி எடுத்தது எனக்குக் கேக்கலையா? பொண்டாட்டியோட முப்பது வருஷம் குடும்பம் நடத்துனவன்க்கா நானு. தெரிஞ்சுதான் செஞ்சேன். இந்தக் காலத்துல என்னா பந்தாங், என்னா சாங்கியம்னு நெனச்சேன். ஜன்னல் வேல முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு."

பாப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்தாள். "பாவி! ஒங் கையாலயே ஒன் வம்சத்த அறுத்துட்டியேடா," என்றாள். போட்டு வைத்திருந்த காப்பியைத் தொடவில்லை. சாயங்காலத்துக்குள் பீடோங்கிலிருந்து அலோர் ஸ்டார்வரை சொந்தபந்தம் எல்லோருக்கும் சேதி போய்விட்டது. மூணு கடை பரஞ்சோதி தெரிந்தே செய்தானாம். செமிலிங் பெண்ணைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. மருமகள் பாவம், நல்ல பெண், மாமனாரிடம் மாட்டிக்கொண்டது என்றார்கள். அவர் நினைத்தது அந்த அளவில் பலித்தது.

பாப்பம்மா போனதும் திரை விலகியது. லோகேஸ்வரி நின்றிருந்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள். அப்போதுதான், அந்த நொடியில்தான், அவள் காதில் என்ன விழுந்தது என்பது பரஞ்சோதிக்கு உறைத்தது. உன் உடம்பில் குற்றமில்லை என்பதை அவள் கேட்கவில்லை. தெரிஞ்சுதான் செஞ்சேன் என்பதைத்தான் கேட்டிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்துக் குணாளன் வந்து எதிரே உட்கார்ந்தான். "அப்பா, நெசமாவே ஒங்களுக்குத் தெரியுமா? சும்மாதானே சொன்னீங்க?"

இல்லைடா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இவன் இப்போதே ஓடிப்போய் அவளிடம் சொல்வான். அவள் நிம்மதியாவாள், ஒரு நாள். பிறகு மறுபடியும் என் உடம்புதான் என்று ஆரம்பிப்பாள். இவன் நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேனே என்று ஆரம்பிப்பான். பாப்பம்மாவுக்குச் சேதி போகும், செமிலிங் பெண் திரும்பி வருவாள்.

"தெரியும்டா," என்றார் பரஞ்சோதி.

தான் சொல்லாததால் நடந்தது என்று இத்தனை நாள் கூனிக் கிடந்த மகனின் தோள் நிமிர்ந்ததை அவர் கண்ணால் கண்டார். நிமிர்ந்த பிள்ளை அவரைப் பார்த்த பார்வையையும் கண்டார். "அபார்ட்மென்ட் பேசி முடிச்சிட்டேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

தீபாவளிக்குக்கூட நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் சின்ன லோரி ஒன்று வந்து கட்டிலையும் அலமாரியையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போயிற்று. பரஞ்சோதியும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார், அவன் தடுக்கவில்லை. குணாளன் காரைக் கிளப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தான். லோகேஸ்வரி கடைசியாக வெளியே வந்தாள். வாசலில் நின்றாள்.

"மாமா, அன்னைக்கு நான் வாந்தி எடுத்துட்டு ஒக்காந்திருந்தப்ப நீங்கதான் சுடுதண்ணி வச்சிக் கொண்டாந்து குடுத்தீங்க. கேஸ்ட்ரிக்கா இருக்கும், வேல வேலன்னு பட்டினி கெடக்காதம்மான்னு சொன்னீங்க. அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

கேஸ்ட்ரிக் என்றுதான் நினைத்தார். சத்தியமாக அதைத்தான் நினைத்தார். அன்று மத்தியானம் மருந்துக் கடைக்குக்கூடப் போய் வந்தார், ஒன்றுக்கு மூன்று கடை. அந்தப் பெண் இன்னும் தன்னை நம்பத்தான் கேட்கிறாள், ஒரு வார்த்தை போதும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அவள் கண் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை.

"தெரியும்மா," என்றார்.

"சரி," என்றாள் லோகேஸ்வரி. மாமா என்று சேர்க்கவில்லை. போயிட்டு வர்றேன் என்றும் சொல்லவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.